காப்புக் கட்டிய கையோடு ரோலர் கோஸ்டருக்கு

துபாயில் ரோலர் கோஸ்டர் வரிசையில் கடைசிக் கதவு வரைக்கும் போய்விட்டு, ஏறாமல் திரும்பி வந்தவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என் மகள் வாயிலிருந்து நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

மகள் பர்வீன் அங்கே வூடு மாற்றுகிறாள் என்று ஒத்தாசைக்குப் போயிருந்தேன். சட்டி பானையை அடுக்கி முடித்த மறுநாளே எனக்குக் கை கால் பரபரவென்றது. பார்க்குக்குக் கூட்டிப் போ என்றேன். தலையில் முக்காடு, தோளில் கைப்பை, வயசு ஐம்பதுக்கு மேல். வரிசையில் நின்ற பிள்ளைகள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவர்கள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே நான் தலைகீழாகச் சுற்றியவள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அங்கே வரிசை நிற்பதே ஒரு சுகம். ஏசி போட்ட நடை, யாரும் யாரையும் இடிப்பதில்லை, முன்னால் போனவர் இருமினாலும் மன்னிப்புக் கேட்கிறார். நம்மூர் ரேஷன் கடைக்காரர்களை ஒருநாள் கூட்டி வந்து காட்டவேண்டும். கதவுகிட்டே பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி நின்று எத்தனை பேர், எத்தனை பேர் என்று கேட்டு சீட்டு ஒதுக்கிக்கொண்டிருந்தாள். என் முறை வந்ததும் சிரித்துக்கொண்டே ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள். நீங்க ஒரே ஆளா என்றுதான் கேட்டாள். அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் அந்த விரலுக்கு ஆமாம் என்று தலையாட்ட முடியவில்லை. பயப்படுகிறவர்கள் இறங்கிப் போவதற்கென்று பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வைத்திருப்பார்கள். அதன் வழியாக இறங்கி வந்துவிட்டேன்.

கீழே வீடியோ எடுக்க நின்றிருந்த பர்வீன், "போதும்மா, வயசாவுதில்ல" என்றாள். ஏலக்காய் போட்ட டீயும் முட்டை வைத்துச் சுருட்டிய பரோட்டாவும் வாங்கித் தந்தாள். பரோட்டா நன்றாகத்தான் இருந்தது. எனக்கு இறங்கவில்லை. வயசாம்! பயமாக இருந்திருந்தால்கூட ஒப்புக்கொண்டிருப்பேன்.

விஷயம் இதுதான். என் வூட்டுக்காரர் ஷரீப் பாய் இல்லாமல் நான் ஒரு ராட்டினத்திலும் ஏறியதில்லை. கல்யாணமான புதுசில் கள்ளக்குறிச்சியில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். எங்கள் பை, குடைக் கடையைச் சாத்திவிட்டுப் போய் ராட்டினத்தில் ஏறினோம். நாங்கள் உச்சியில் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. தொட்டி ஆடுகிறது, நான் கண்ணை மூடிக்கொண்டு ஓதுகிறேன். மனுஷன் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "ஜமீலா, கடையைப் பூட்டினியா? பூட்டை இழுத்துப் பாத்தியா?" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் பயம் ஓடியே போய்விட்டது.

அன்றையிலிருந்து அது எங்களுக்கு ஒரு வழக்கம். சென்னை, பெங்களூர், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போன மலேசியா, எங்கே போனாலும் முதலில் ரோலர் கோஸ்டர். சங்கிலி கடகடவென்று வண்டியை மேலே இழுக்கும். உச்சிக்குப் போய் ஒரு மூச்சு நிற்கும். சரியாக அந்த நேரம் பார்த்து, "கடையைப் பூட்டினியா?" என்பார். "பூட்டிட்டேன், பூட்டிட்டேன்" என்று நான் கத்துவேன். வண்டி விழும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கடையில் குடைகளை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அவ்வளவுதான். புருஷனை இழந்தவள் வாசல் தாண்டாமல் இருக்கவேண்டிய இத்தா மாசங்களில் நான்கு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு இடத்தில் கால் தரிக்காத என்னை உட்கார வைப்பது சாமானியமா? இத்தா முடிந்ததும் கடையைத் திறந்தேன், பையும் பெட்டியும் விற்றேன், சாப்பிட்டேன், தூங்கினேன். ரோலர் கோஸ்டர் மட்டும் பாக்கி இருந்தது. துபாயில் அந்தச் சின்னக் கதவைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி என்னை அரித்துத் தின்றது. இனிமேல் நான் ஏறுவேனா, இல்லை இதுவும் அவரோடு போச்சா?

ஊர் வந்து சேர்ந்ததும் கடையில் உட்கார முடியவில்லை. கல்லாவுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். சேலம் ரோட்டுப் பக்கம் புதுசாக ஒரு பார்க் திறந்திருக்கிறார்கள், ஒரு முழு வட்டம் போடுகிற ரோலர் கோஸ்டர் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். திட்டம் போடுவதில் நானும் அவரும் கில்லாடிகள். வாரநாளில் போகவேண்டும், பள்ளிக்கூட டூர் வராத மாசமாக இருக்கவேண்டும். கேட் திறந்ததும் வாசலில் இருக்கிற விளையாட்டுகளை எல்லாம் விட்டுவிட்டுக் கடைசிக் கோடிக்கு ஓடவேண்டும். முன்சீட்டுக்கு அடித்துக்கொள்கிறவர்கள் அடித்துக்கொள்ளட்டும், இழுப்பு ஜாஸ்தி கடைசி வரிசையில்தான். எல்லாம் கைவசம் இருந்தது. கூட வர ஆள்தான் இல்லை. நாத்தனாரிடம் கேட்டேன். "அதுக்கு எதுக்கு காசு? வெள்ளிமலை பஸ்ல ஏறி உக்காரு, எலவசமாவே கொடலு வெளிய வரும்" என்றாள்.

அப்போது வந்தாள் ராமாயி. கல்வராயன் மலையிலிருந்து வாரச்சந்தைக்குப் புளியும் கடுக்காயும் சாமையும் கொண்டுவருகிறவள். சந்தை முடிகிறவரை காலி மூட்டைகளை எங்கள் கடையில்தான் போட்டு வைப்பாள். என் வயசுதான் இருக்கும். யாரையும் நீ என்றுதான் பேசுவாள், ரோட்டில் நிற்கிற போலீஸ்காரரையும் சேர்த்து.

"இன்னா பாயம்மா, பொறியில மாட்டின எலி மாதிரி சுத்திக்கினு இருக்கற?" என்றாள்.

சொன்னேன். துபாய், ஒற்றை விரல், சின்னக் கதவு எல்லாம் சொன்னேன். புளி மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டாள்.

"தலைகீழா போவுமா?"

"போவும்."

"கூட ஒரு ஆளு வேணும், அவ்ளோதானே? நான் வரேன். என்னிக்கு?"

அடுத்த வாரம் புதன்கிழமை என்று நாள் குறித்தோம். திங்கட்கிழமை சந்தைக்கு அவள் வரவில்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. இன்னொருத்தியாக இருந்தால் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாள். நான் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, வழிக்கு ஆகட்டும் என்று கறி சமோசா ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு மலை பஸ் ஏறிவிட்டேன்.

வடக்கனந்தல் தாண்டுகிறவரைக்கும் நான் ராணி. வளைவுகள் ஆரம்பித்ததும் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டேன். என்னைக் கேலி செய்ய நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன், ரோலர் கோஸ்டருக்குத் தண்டவாளம் உண்டு, இதற்குக் கிடையாது. கண்டக்டர் ஒவ்வொரு வளைவுக்கும், "வாந்தி வரவங்கல்லாம் ஜன்னலாண்ட போயிடுங்க, அப்புறம் என்னைக் கேக்காதீங்க" என்று ஏலம் போட்டார். நான் போய்விட்டேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் முதுகைத் தடவிக்கொண்டே, "மொத தடவையா மேல வர்றீங்க?" என்று கேட்டாள். மலேசியாவில் அடுத்தடுத்து மூன்று தடவை ஏறி இறங்கியவள் என்று சொல்ல வாயெடுத்தேன், வந்தது வேறு.

ஒரு வளைவில் பின்படிக்கட்டு வழியாக யாரோ ஒருவருடைய பலாப்பழம் உருண்டு வெளியே போனது. "பழம், பழம்" என்று பஸ்ஸே கத்தியது. டிரைவர் நிறுத்தினார். பழத்துக்காரர் இறங்கி அதன் பின்னால் ஓடினார். மொத்த பஸ்ஸும் இறங்கி நின்று அவர் திரும்பி வருகிறவரை காத்திருந்தது. ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. துபாயில் மெட்ரோ கதவில் என் முந்தானை மாட்டிக்கொண்டபோதுகூட வண்டி இவ்வளவு நேரம் நிற்கவில்லை. அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் பொறுமை இல்லை. ரோட்டோரமாக மேலும் கீழும் நடந்தேன்.

ராமாயி வூட்டு வாசலுக்குப் போய் நின்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். ராமாயி தலைக்குக் குளித்து மஞ்சள் புடவையில் நின்றாள். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு மஞ்சள் கிழங்கு கட்டி இருந்தது. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டுவிட்டாள்.

"போச்சுடா" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நாள் குறிச்சிட்டு நான் வந்த ரெண்டு நாள்ல கோயில்ல சாமிகிட்ட பூ கேட்டாங்க பாயம்மா. அம்மா உத்தரவு குடுத்துட்டா. இந்த வருசம் தீ மிதிக்கறதா வேண்டிக்கினு இருக்கறேன். சொல்லலாம்னா இங்க சிக்னலே இல்ல."

காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லை தாண்டித் தங்கக்கூடாது. இது எனக்குத் தெரியாததா? எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். ஆனாலும் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலில் சமோசாப் பொட்டலத்தைப் பிரித்தேன். ராமாயி நாலடி பின்னால் குதித்தாள்.

"கறியா? எட்ட எடுத்துக்கினு போ! வெரதம்!"

ஊர் எல்லைக்கல்லுக்கு வெளியே நின்று எல்லா சமோசாவையும் நானே தின்றேன். பஸ்ஸில் அத்தனையும் வெளியே போயிருந்ததால் பசி நன்றாகவே இருந்தது. தின்றுவிட்டு வாய் கொப்பளித்துவிட்டு வந்தால், ராமாயி ஊர்க் கவுண்டரைக் கூட்டிக்கொண்டு நிற்கிறாள். உத்தரவு கேட்கப் போயிருக்கிறாள்! பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"எதுக்குங்க எல்லை தாண்டணும்?"

"ராட்டினம் ஏறங்க" என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிக்குன்னா ஒடனே போயிட்டு வான்னு சொல்லிடுவேன். ராட்டினத்துக்குன்னா இன்னா சொல்றது?"

"அவளுக்கு அதான் ஆஸ்பத்திரி" என்றாள் ராமாயி.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "பொழுதோட திரும்பிடணும். கோயில்ல வெளக்கு வெக்கறதுக்குள்ள எல்லைக்கு இந்தாண்ட நிக்கணும். வெளியில ஒரு வாய் சாப்பிடக் கூடாது" என்றார். ராமாயி தலையாட்டினாள். அன்றைக்கு அங்கேயே தங்கினேன். சாமைச் சோறும் கொள்ளு ரசமும் போட்டார்கள். மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

புதன்கிழமை, முதல் பஸ். சமவெளிக்கு இறங்கியதும் இன்னொரு பஸ். அது வழியில் மாட்டுச்சந்தைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. டிரைவர் ஹாரன் அடிக்க, ஒரு காளை திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே படுத்துக்கொண்டது. நான் எழுந்து நின்று டிரைவருக்கு வழி சொன்னேன். முன்சீட்டு ஆள், "அந்தம்மாவுக்கு எதாச்சும் அவசரமா இருக்கும், பாவம்" என்று மெதுவாகச் சொன்னார். "ராட்டினம் ஏறணுமாம்" என்று ராமாயி உரக்கச் சொன்னாள். அப்புறம் சேருமிடம் வரைக்கும் பஸ்ஸில் எல்லாருக்கும் நாங்கள்தான் பேச்சு.

கேட் திறந்து வெகுநேரம் கழித்துத்தான் பார்க்குக்குள் போனோம். என் திட்டமெல்லாம் பாழ். நான் ஓட்டமும் நடையுமாகக் கடைசிக் கோடிக்குப் போனேன். ராமாயி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். துபாய் மாதிரி இல்லை இங்கே. மிளகாய் பஜ்ஜி வாசனை, ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல், நனைந்த துணியோடு காலேஜ் பிள்ளைகள் கூட்டம். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒருவன் ஐந்து பேருக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். அவனிடம் ஒரு சண்டை போட்டேன். போட்ட பிறகுதான் எனக்கு ஊருக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

ராமாயி தலையைத் தூக்கி அந்த வட்டத்தையே பார்த்தாள். ஒரு வண்டி தலைகீழாகப் போய் இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் கதறியது எங்களுக்குக் கேட்டது.

"காசு குடுத்து அழுவறாங்களா?"

"அதுல ஒரு சுகம் இருக்குது."

"தோ பாரு, நீ பயந்துக்கினு எறங்கிட்டா நானும் எறங்கிடுவேன். தனியால்லாம் என்னால முடியாது" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. எனக்கு அது பெரிய தைரியமாக இருந்தது.

எங்கள் முறை வந்தது. கதவுகிட்டே விரல் காட்டுகிற ஆள் யாரும் இல்லை, "ரெண்டு பேரா, பின்னாடி போங்க" என்று ஒரு குரல்தான். கடைசி வரிசை! நான் கேட்காமலேயே. உட்கார்ந்தோம். மார்புக்கு மேலே கம்பி இறங்கியது. பெல்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே ஆபரேட்டர் ஒவ்வொரு வரிசையாக வந்தார். நெற்றி நிறைய விபூதி, முப்பது வயசு இருக்கும். என் பெல்ட்டை இழுத்தார். ராமாயியின் பெல்ட்டுக்குக் கை நீட்டியவர், சுட்டுக்கொண்ட மாதிரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"அம்மா, காப்பா இது?"

"ஆமா. அதுக்கு இன்னா?"

"எறங்குங்கம்மா. தயவு பண்ணி எறங்கிடுங்க."

கயிற்றில் தொங்குகிற கிழங்கு கழன்று யார் கண்ணிலாவது அடிக்கும் என்கிறாரோ என்று நினைத்தேன். கர்ச்சீப்பால் இறுக்கிக் கட்டிவிடுகிறேன் என்றேன். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"அதில்லீங்க. காப்புக் கட்டினவங்கள நான் தலைகீழாத் தூக்கலாமா? எங்க ஊர்லயும் இந்த மாசந்தான் மாரியம்மன் நோம்பி. எனக்குப் புள்ள குட்டி இருக்குதுங்கம்மா."

ராமாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "வர்ற வெள்ளிக்கெழம நான் நெருப்புலயே எறங்கப் போறவ. இந்தக் கட்ட வண்டியில ஏறக்கூடாதா?"

"நெருப்புல எறங்கினா அம்மா கூட வருவா. இதுல யாரும்மா கூட வருவா?" என்றார் அவர்.

எனக்கு அந்த வார்த்தை நேராக நெஞ்சில் போய் உட்கார்ந்தது. முன்வரிசைப் பிள்ளைகள், "அண்ணா, சீக்கிரம்ணா" என்று சத்தம் போட்டார்கள். கம்பியைத் தூக்கினார்கள். ராமாயி இறங்கினாள். எங்கள் வரிசைக்கே சேர்த்துத்தான் தூக்குவார்கள், அதனால் என்னுடையதும் தூக்கிக்கொண்டது. எழுந்து போகவேண்டியதுதான் பாக்கி. ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன்.

"ஒக்காரு" என்றாள் ராமாயி.

"தனியால்லாம் முடியாதுன்னு நீதானே சொன்ன."

"நான் ஏறி ஒக்காந்தாச்சு, அவன்தான் எறக்கி வுட்டான். நீ எறங்கினா, நான் கவுண்டர்கிட்ட உத்தரவு கேட்டது, காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்காம வந்தது அத்தனையும் வீணு. ஒக்காருன்றேன்ல!"

நடைமேடையில் இருந்த எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். அந்தப் பக்கம் இறங்குகிற சின்னக் கதவு இருந்தது. இங்கேயும் வைத்திருக்கிறார்கள், எல்லா ஊரிலும் வைப்பார்கள். நான் அதைப் பார்த்தேன், ராமாயியைப் பார்த்தேன். காலை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

கம்பி இறங்கியது. ஆபரேட்டர் என் பெல்ட்டை மறுபடி இழுத்துப் பார்த்தார். பிறகு பக்கத்துக் காலி சீட்டின் பெல்ட்டையும் எடுத்து, மாட்டி, இழுத்துப் பார்த்தார். காலி சீட்டில் பெல்ட் ஆடக்கூடாது என்று அப்படிச் செய்வார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சங்கிலி கடகடவென்று இழுத்தது. எனக்குப் பிடித்த சத்தம் உலகத்தில் அது ஒன்றுதான். ராமாயி கீழே மஞ்சளாகத் தெரிந்தாள். அப்புறம் தென்னந்தோப்பு, அப்புறம் தூரத்தில் மலை. உச்சிக்குப் போய் அந்த ஒரு மூச்சு நின்றது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காற்றுதான் அடித்தது. காலி சீட்டுப் பக்கம் திரும்பி, "பூட்டிட்டேங்க, பூட்டிட்டேன்!" என்று கத்தினேன். வண்டி விழுந்தது.

அதற்கப்புறம் நடந்ததை எழுத்தில் எழுத முடியாது. வயிறு தொண்டைக்கு வந்தது, வானம் காலுக்குக் கீழே போனது, முக்காடு பறந்தது. அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான். வண்டி நின்றதும் இறங்கி நடந்தேன், கால் தரையில் பாவவில்லை. ஏறிவிட்டேன்! என்னால் முடிகிறது!

ராமாயி என்னைத் தேடி வெளிவழிக்கு வந்திருந்தாள். வண்டி விழும்போது போட்டோ எடுத்து டிவியில் காட்டுகிற இடம் அது. அங்கே நின்று என் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தேன்.

"யார்கிட்ட பேசற பாயம்மா?"

திரும்பி வருகிற பஸ்ஸில் அவளுக்கு எல்லாம் சொன்னேன். பொருட்காட்சி ராட்டினம், போன கரண்ட், கடைப் பூட்டு. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "இந்தத் தபா நெசமாவே பூட்டிட்டுத்தானே வந்த?" என்றாள். பூட்டிவிட்டுத்தான் வந்தேன் என்றேன். அவளைப் பட்டினியாக வைத்துக்கொண்டு நான் மட்டும் சாப்பிடப் பிடிக்காமல், பிஸ்கட் பாக்கெட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

மலை அடிவாரத்தில் பஸ் டயர் வெடித்தது. பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. என் ராட்டின ஆசைக்கு இவள் விரதம் கெட வேண்டுமா? ரோட்டு நடுவில் நின்று, வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டினேன். குட்டியானை லோடு வண்டி ஒன்று நின்றது. பின்னால் முழுக்க ஸ்பீக்கர் பெட்டியும் சீரியல் விளக்குமாக இருந்தது. "எந்த ஊருக்குப்பா?" என்றால், ராமாயி ஊர்த் திருவிழாவுக்கேதான் போகிறார்களாம்! ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்தோம். வளைவுக்கு வளைவு பெட்டிகள் எங்கள்மேல் சாய, இரண்டு பேரும் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டே போனோம். அன்றைக்கு மட்டும் எனக்கு வாந்தி வரவில்லை.

எல்லைக்கல்லுக்கிட்டே ஊர்க் கவுண்டர் நின்றிருந்தார். ராமாயி கல்லுக்கு உள்ளே குதித்தாள். அதற்கப்புறம்தான் கோயிலில் விளக்குத் தெரிந்தது.

"ஏறினியா?" என்று கேட்டார்.

"ஏறி ஒக்காந்தேன். காப்பப் பாத்துட்டு பயந்துக்கினு எறக்கி வுட்டுட்டான்."

"நல்ல புள்ள" என்றார் பெரியவர். என் பக்கம் திரும்பி, "ஒங்களுக்கு ஒடம்பு தேவலைங்களா?" என்று கேட்டார்.

"தேவலைங்க" என்றேன்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் இறங்கி வந்துவிட்டேன். தீ மிதியைப் பார்க்க நான் இருக்கவில்லை. கடை இருக்கிறதே. ஆனால் கடையில் என்ன பெரிய வேலை செய்தேன்? பெட்டியைத் துடைத்தேன், துடைத்த பெட்டியையே மறுபடி துடைத்தேன். ராமாயி சந்தைக்கும் வரவில்லை. நெருப்பில் காலில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

திருவிழா முடிந்து ஒரு புதன்கிழமை. காலையில் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிப் பூட்டைக் கல்லாமேல் வைத்தேன். வாசலில் ராமாயி. மூட்டை எதுவும் இல்லை. கால்களைப் பார்த்தேன், ஒரு கொப்புளம் இல்லை. வலது கையை நீட்டிக் காட்டினாள். கயிறு இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"காப்பு அவுத்தாச்சு. இப்ப எவன் எறக்கி வுடறான்னு பாக்கறேன். கௌம்பு."

"இப்பவா? கடையத் தொறந்து அஞ்சு நிமிசம் ஆகல."

"பஸ்ஸு நிக்குது பாயம்மா! கேட்டு தொறக்கறப்ப அங்க நிக்கணும்னு நீதானே சொன்ன!"

என்னைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கிளம்பு என்று யாராவது சொன்னால் போதும். கைப்பையை எடுத்தேன், ஷட்டரை இழுத்துவிட்டேன், ஓடினோம். ரோட்டில் எந்தக் காளையும் படுத்திருக்கவில்லை. கேட் திறந்தபோது நாங்கள்தான் முதல் ஆள். அதே ஆபரேட்டர் ராமாயியின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா மிதிச்சீங்களாம்மா?" என்று கேட்டு, பெல்ட்டை அவரே மாட்டிவிட்டார்.

சங்கிலி இழுத்தது. ராமாயி கண்ணை இறுக மூடிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டாள். நான் பிஸ்மி சொன்னேன். உச்சிக்குப் போய் வண்டி நின்றது. தூரத்தில் அவள் மலை தெரிந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் கண்ணைத் திறந்து என் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"பாயம்மா! கடையைப் பூட்டினியா?"

கல்லாமேல் வைத்த பூட்டு கண்முன் வந்து நின்றது. சாவி அதிலேயே தொங்குகிறது.

"அல்லாவே, இல்லடி ராமாயி!" என்று நான் அலறும்போது வண்டி விழ ஆரம்பித்திருந்தது.